இலையில்லாத செடியும் எங்கள் களைப்பும்

அட்டைப்பாறை எஸ்டேட்டின் பதினேழாம் நம்பர் காட்டுக்கு மேலே, தேயிலை முடிந்து சோலை ஆரம்பிக்கிற இடத்தில், ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை மத்தியானம், எங்கள் கூட்டத்துக்கு முன்னால் நின்று தேயிலை வரிசையில் முதல் நிரை பிடிக்கிறவளான வேலுத்தாய் அட்டை பிடுங்குவதற்காகப் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலைச் சருகில் ஊன்றியபோது, இருபத்திரண்டு வருஷமாக அவள் உடம்பில் சேர்ந்து கிடந்த களைப்பு முழுவதும் குதிகால் வழியாக இறங்கி மண்ணுக்குள் போய்விட்டது. அவள் வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினாள், தூக்குவாளியை மூடினாள், வலது முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தாள், கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள், சாவிக்கொத்தைத் தொலைத்தவள் போல இடுப்பைத் தடவிப் பார்த்தாள், அதற்குப் பிறகுதான் குனிந்து காலடியைப் பார்த்தாள். அங்கே ஒரு செடி நின்றது.

நாங்கள் பதினோரு பெண்கள், இலையால் வாழ்கிறவர்கள். எங்களுக்கு வேலை தருவது இலை, எங்களைத் திட்டு வாங்க வைப்பது இலை, எங்கள் விரல் நுனியைக் கறுப்பாக்குவது இலை, ஒருத்தி உழைப்பாளியா சோம்பேறியா என்று சாயங்காலம் தராசில் ஏறி உட்கார்ந்து சொல்வதும் இலை. அப்படிப்பட்ட எங்கள் முன்னால் வந்து நின்ற இந்தச் செடிக்கு ஒரு இலைகூட இல்லை, உடம்பில் எந்த இடத்திலும் பச்சை இல்லை. விரல் உயரத்துக்கு மெழுகு நிறத்தில் ஒரு தண்டு, தண்டின் முனையில் தலை குனிந்த ஒரு பூ, பூவின் வாயில் கத்தரிப்பூ நிறத்தில் மூன்று கோடு, அவ்வளவுதான். இதைப் பறித்தால் என்ன எடை நிற்கும் என்று மாடத்தி கேட்டாள். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை, ஏனென்றால் வேலுத்தாய் தன் களைப்பு இறங்கிப்போனதைச் சொல்லி முடிப்பதற்குள் எல்லாரும் பூட்ஸைக் கழற்றியிருந்தோம்.

நான் நாலாவது நிரைக்காரி. என் களைப்பு இடது தோளில் கூடைக்கயிறு அழுத்துகிற இடத்தில் குடியிருந்தது; அது அங்கிருந்து கிளம்பி முதுகில் இறங்கி, தொடையில் கொஞ்சம் தயங்கி, உள்ளங்காலில் ஒரு குறுகுறுப்போடு வெளியே போனதை ஒவ்வொரு அங்குலமாக உணர்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. வலி போனதற்கு அழுகிற பைத்தியக்காரி நான் ஒருத்திதான் என்று வெட்கப்பட்டுத் திரும்பினால், பாதிப் பேர் முக்காட்டுத் துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் எஸ்டேட் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் வாழ்க்கை கொஞ்சம் மாறியது, ஆனால் தலைகீழாக மாறிவிடவில்லை. தண்ணீர்க் குழாய்க்கு எப்படி முறை வைத்திருந்தோமோ அப்படிச் செடிக்கும் முறை வைத்தோம். கைக்குழந்தைக்காரிகள் முதலில், முட்டி வீங்கினவர்கள் அடுத்து, வாய் வீச்சுக்காரிகள் கடைசியில். ஞானசௌந்தரி வேலை முடிந்து போய் வீட்டின் நாலு சுவரையும் கரி போகத் தேய்த்துக் கழுவிவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து தெம்பில்லாமல் தள்ளிப்போட்டிருந்த சண்டைகளை ஒவ்வொன்றாகப் புருஷனோடு போட்டு முடித்தாள். மாடத்தி, தன் புருஷன் சொல்கிற வேடிக்கைகளில் ஒன்றுகூடச் சிரிப்பாக இல்லை என்பதைக் கண்டுபிடித்தாள், இத்தனை வருஷம் அசதியில் சிரித்துத் தொலைத்திருக்கிறாள். நான் அலமாரியில் விரித்திருந்த பழைய பேப்பரை எடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குப் படிக்கப் பிடிக்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

செடிக்கும் சில பிடிவாதங்கள் இருந்தன. வேலை செய்து வந்த களைப்பை மட்டும்தான் அது தின்றது. குடித்துவிட்டு வந்து காலை நீட்டிய ஆண்களுக்கு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது, ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போன கிளார்க் வந்து கால் வைத்தபோது பூவை மூடிக்கொண்டு இரண்டு நாள் சுருண்டு கிடந்தது. எங்கள் பதினோரு பேரின் களைப்பு மட்டும் அதற்கு ஒத்துப்போனது, தினமும் தின்று தினமும் பளபளத்தது.

தப்பு எங்கள் பக்கம்தான் நடந்தது, அதை மறைக்க மாட்டேன். களைப்பு போனதோடு, போதும் என்று சொல்ல உடம்பில் ஆள் இல்லாமல் போய்விட்டது. ஒரு நாளைக்கு முப்பது கிலோ கொழுந்து என்பது கணக்கு. நாங்கள் நாற்பது எடுத்தோம், அப்புறம் ஐம்பது எடுத்தோம், விரல் வெடித்து ரத்தம் வந்ததைச் சாயங்காலம் சோற்றில் கை வைத்த பிறகுதான் பார்த்தோம். யாரும் எங்களை விரட்டவில்லை. எடை போடும் கொட்டகையில் முள் ஏற ஏற மற்ற கூட்டத்துக்காரிகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்களே, அந்தப் பெருமைக்காக எடுத்தோம். கொழுந்து எடுக்கிறவளுக்குக் கூடை கனத்தால் தலை நிமிரும், அந்தப் புத்தி எங்களை விட்டுப் போகவில்லை. ஆவணி முடிவதற்குள் ஃபீல்டு ஆபீசர் தாமோதரன் எங்கள் பின்னாலேயே வந்து செடியைப் பார்த்துவிட்டார், அடுத்த வாரம் மேனேஜர் துரையும் வந்து பார்த்தார், அதற்கடுத்த வாரம் எங்கள் கணக்கு முப்பதிலிருந்து ஐம்பதாக ஏறியது. முப்பது எடுத்துக் களைத்தவர்கள் ஐம்பது எடுத்துக் களைக்காமல் இருந்தால் அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று துரை கேட்டாராம்.

நிலோஃபர் வந்தது புரட்டாசியில். மேலப்பாளையத்துக்காரி, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பச்சை இல்லாத செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், மூன்று மழைக்காலமாக மலை மலையாக முழங்காலில் தவழ்ந்து சருகைப் புரட்டிக்கொண்டிருந்தவள். எங்கள் செடியைப் பார்த்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்து மாட்டி, இது உலகத்தில் இதுவரை யாரும் எழுதாத செடி என்று சொன்னாள். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். மற்ற செடிகளெல்லாம் வெயிலை வைத்து இலையில் சமைத்துச் சாப்பிடுகின்றன. இதற்குச் சமைக்கத் தெரியாது. மண்ணுக்கடியில் நூல் நூலாகப் பூஞ்சை ஓடுகிறது, அது சோலை மரங்களின் வேரிலிருந்து சாப்பாடு வாங்குகிறது, இது அந்தப் பூஞ்சையிடம் வாங்கித் தின்கிறது. எங்கள் வீட்டு ஆம்பிளைகளைப் போலத்தான் என்று ஞானசௌந்தரி சொன்னதும் நிலோஃபர் சிரித்துவிட்டாள், அதிலிருந்து அவள் எங்களில் ஒருத்தி ஆனாள். களைப்பைத் தின்கிறது என்று சொன்னதற்கு அவள் ஆச்சரியப்படவில்லை. தவழ்ந்து தவழ்ந்து காய்ப்பேறிய தன் முழங்காலை மண்ணில் ஊன்றிப் பார்த்துவிட்டு, நோட்டில் உணவு என்ற இடத்தில் பூஞ்சை என்றும் அதற்குப் பக்கத்தில் களைப்பு என்றும் எழுதிக்கொண்டாள். இரண்டாவது வார்த்தையை அவளுடைய பேராசிரியர் அடித்துவிட்டார் என்பது வேறு கதை.

அதே வாரம்தான் மரங்களில் சிவப்புப் பெயிண்ட் விழுந்தது. எஸ்டேட்டின் நாலு டிவிஷன் பெண்களும் ஷிப்ட் போட்டு வந்து கால் வைத்துவிட்டுப் போகிற மாதிரி, சோலையை வெட்டிச் சமப்படுத்தி, பெஞ்சு போட்டு, மேலே தகரம் வேய்ந்து ஒரு கொட்டகை கட்டப் போகிறார்கள். நாற்பத்தொரு மரத்தில் குறி போட்டிருந்தார்கள். மரம் போனால் பூஞ்சை போகும், பூஞ்சை போனால் செடி போகும் என்று நிலோஃபர் ஆபீஸுக்குப் போய் மன்றாடினாள். மரம் இல்லாவிட்டாலும் செடி நிழலில்தானே இருக்கும், மேலேதான் தகரம் போடுகிறோமே என்று அவளுக்கு டீ கொடுத்து அனுப்பினார்கள். செடி பிழைத்தால் நாலு டிவிஷனுக்கும் ஐம்பது கிலோ, செத்தால் எங்களுக்கு ஐம்பது கிலோவோடு களைப்பும் சேர்ந்து வரும். இரண்டு பக்கமும் எங்களுக்குத்தான் அடி.

தடுக்க ஒரே வழி இருந்தது. செடியை வேரோடு எடுத்து, கெடாமலிருக்கச் சாராயம் ஊற்றின குப்பியில் போட்டு, நம்பர் ஒட்டிக் கல்லூரியில் சேர்த்து, இப்படி ஒன்று இருக்கிறது என்று எழுதிப் பதிந்தால், உலகத்திலேயே அது இருக்கிற ஒரே இடம் என்று வனத்துறை மரம் வெட்டுவதை நிறுத்தும். ஆனால் நிலோஃபர் பதினைந்து நாள் சோலை முழுவதும் தேடியும் இன்னொரு செடி அகப்படவில்லை. இருக்கிறது என்று நிரூபிக்க அதை இல்லாமல் செய்ய வேண்டும். அவளால் அது முடியவில்லை, போட்டோவை வைத்து எழுதலாமா என்று பேராசிரியரைக் கேட்கப் போனாள், குப்பியில் செடி இல்லாவிட்டால் உலகத்தில் செடி இல்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

அவள் கீழே போயிருந்த சமயத்தில், இந்தப் பிள்ளைக்கு மனசு வராது, நாமே எடுத்து வைப்போம் என்று வேலுத்தாய் போனாள். போனவள் இருபத்திரண்டு வருஷமாகப் பழகிய அந்த இரண்டு விரலை நீட்டினாள், விரல் தன் பாட்டுக்குத் தண்டின் மேல்பக்கம் போய் முனையை மட்டும் நறுக்கென்று கிள்ளிக்கொண்டு வந்தது. கொழுந்து எடுக்கிறவள் கை எந்தச் செடியையும் அப்படித்தான் எடுக்கும். கிள்ளிய உடனே அவளுக்கு இடுப்பில் ஒரு வலி வந்தது. அது அவளுடைய வலி இல்லை, ஞானசௌந்தரிக்குப் பிரசவத்தில் வந்து தங்கின இடுப்புவலி என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. கூடவே மாடத்தியின் கெண்டைக்காலும் என் தோளும் வந்தன. செடி தின்றதில் ஒரு துளி திரும்பி வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, பூவை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

நிலோஃபர் திரும்பி வந்து துணியைப் பிரித்தாள், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, வேர் எங்கே?"

"வேரை எதுக்குப் புள்ள எடுக்கணும்? வேரை எடுத்தா மறுபடி எப்படித் துளிர்க்கும்?"

அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை திட்டாமல், துளிர்க்க இது தேயிலை இல்லை என்று மட்டும் சொல்லி அழுதாள். வேலுத்தாய்க்கு அவமானமாகப் போய்விட்டது. ஆனால் எங்கள் களைப்பைத் தின்று வளர்ந்த செடிக்கு எங்கள் வேலையும் கொஞ்சம் ஒட்டியிருந்தது போலிருக்கிறது. தேயிலையைக் கிள்ளினால் மறுபடி கொழுந்து விடப் பத்து நாள், அதுதான் எங்கள் சுற்று. சரியாகப் பத்தாவது நாள் கிள்ளின இடத்துக்குக் கீழே இரண்டு முனை எட்டிப் பார்த்தது, ஒரு சாண் தள்ளிச் சருகுக்குள் ஐந்து புதுத் தண்டுகள் தனித்தனி வேரோடு நின்றன. குட்டிகளுக்குப் பக்கத்தில் கால் வைத்துப் பார்த்தோம். அவை பால்குடி மறக்காதவை, எதையும் தின்னத் தெரியவில்லை. பூத்த செடியைத்தான் பதிய முடியும், பூக்காத குட்டி செல்லாது என்று நிலோஃபர் சொல்லியிருந்தாள். இனி தாய்ச்செடியை எடுத்தாலும் வம்சம் அழியாது. ஆனால் எடுத்தால், அது ஆடியிலிருந்து தின்ற அத்தனையும் எடுக்கிறவள் மேல் வந்து இறங்கும், அது வேலுத்தாய்க்கு மட்டும் தெரியும்.

வெட்டு மெஷின் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நிலோஃபரை மட்டும் கூட்டிக்கொண்டு சோலைக்குப் போனாள், விஷயத்தைச் சொன்னாள். இது தன் வேலை, தானே எடுக்கிறேன் என்று நிலோஃபர் கையை நீட்டினாளாம். வேலுத்தாய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ படிச்ச புள்ள, உன் உடம்பு தாங்காது. எங்க மூட்டை எங்க முதுகுக்குத்தான் பழக்கம். குப்பியைத் திறந்து பிடி."

இந்தத் தடவை விரலை நம்பாமல் களைக்கொட்டால் சுற்றிலும் தோண்டி, சின்ன இஞ்சித்துண்டு அளவுக்கு இருந்த கிழங்கை அதைச் சுற்றின வெள்ளை நூலோடு அள்ளிக் குப்பியில் இறக்கினாள். மூடி திருகுகிற வரைக்கும் நின்றாள். அதற்குப் பிறகு சிவப்புக் குறி போட்ட ஒரு மரத்தில் சாய்ந்தபடி மெதுவாக இறங்கி உட்கார்ந்தவள், கண்ணிமையைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தாள். பதினோரு பேரின் களைப்பு, அதில் தன்னுடைய இருபத்திரண்டு வருஷம் அடியில், மற்ற பத்துப் பேருடையது மேலே மேலே.

நிலோஃபர் குப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லைனுக்கு ஓடி வந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். துவைத்துக்கொண்டிருந்தவர்கள், பேன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கோயிலுக்கும் சர்ச்சுக்கும் கிளம்பினவர்கள், எல்லாரும் போட்டது போட்டபடி மேலே ஏறினோம். சோலையில் அவளைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, எங்களைக் கேட்காமல் எங்கள் சொத்தை இவள் எப்படித் தூக்கலாம் என்று. ஞானசௌந்தரிதான் முதலில் எதிரே உட்கார்ந்தாள், செருப்பைக் கழற்றினாள், தன் உள்ளங்காலை வேலுத்தாயின் உள்ளங்காலோடு ஒட்டி வைத்தாள்.

"என்னோடது இடுப்புல இருக்கும், மேல பார்த்து எடுத்துக்கிறேன்," என்றாள்.

எடுத்துக்கொண்டாள். முகம் சுருங்கியது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுத்தவளுக்கு இடம் விட்டாள். தண்ணீர்க் குழாயில் குடம் தள்ளுவதுபோல ஒவ்வொருத்தியாக நகர்ந்து உட்கார்ந்தோம், அவரவர் களைப்பு அவரவருக்கு அடையாளம் தெரிந்தது, ஒருத்திக்கும் மாறிப்போகவில்லை. என்னுடையது தோளில் வந்து ஏறியபோது கனத்தது, வலித்தது, ஆனால் சொன்னால் சிரிப்பீர்கள், ஊருக்குப் போயிருந்த ஒருத்தி வீடு திரும்பின மாதிரி இருந்தது. கடைசியில் வேலுத்தாயிடம் அவளுடையது மட்டும் மிஞ்சியது. அதில் கொஞ்சம் தனக்குத் தாருங்கள் அக்கா என்று நிலோஃபர் பக்கத்தில் மண்டியிட்டுக் கேட்டாள். இது நான் கஷ்டப்பட்டுச் சேர்த்தது, இதில் யாருக்கும் பங்கு கிடையாது, நீ போய் பஸ்ஸைப் பிடி என்று வேலுத்தாய் கண்ணைத் திறந்து சொன்னாள். குப்பி அன்று மத்தியானப் பஸ்ஸில் மலை இறங்கியது.

திங்கட்கிழமை நாங்கள் முப்பது கிலோ எடுத்தோம். முப்பது வந்ததும் உடம்பு போதும் என்றது, நிறுத்தினோம். செவ்வாய்க்கிழமையும் முப்பது. புதன்கிழமை எடைக் கொட்டகைக்குத் துரையே வந்துவிட்டார், பின்னால் தாமோதரன். தராசின் முள்ளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், செடிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். மெஷின் நாளைக்கு வருகிறது, கொட்டகை கட்டத்தான் போகிறோம், ஐம்பது என்றால் ஐம்பதுதான், மீதி இருபதை எடுத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

வேலுத்தாய் கூடையை இறக்கினாள். கூடைக்கயிற்றை ஒழுங்காகச் சுற்றி வைத்தாள். பிறகு, துரை நிற்கும்போது எங்கள் அம்மாமார்கள்கூடச் செய்யாத ஒரு காரியத்தை, அவர் பூட்ஸுக்கு முன்னால், தராசுக்குப் பக்கத்தில், காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து செய்தாள்.

"களைப்பா இருக்குங்கய்யா," என்றாள்.

நாங்கள் பத்துப் பேரும் உட்கார்ந்தோம். அப்புறம் மற்ற கூட்டத்துக்காரிகள் உட்கார்ந்தார்கள், சாயங்காலம் கொழுந்து கொண்டுவந்த மற்ற டிவிஷன் பெண்களும் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்கள், அவர்களுடைய களைப்பை எந்தச் செடியும் ஒரு நாளும் தின்றதில்லை, அதனால் அவர்கள் எங்களைவிட அழுத்தமாக உட்கார்ந்தார்கள். எழுந்திருங்கள் என்று தாமோதரன் சொல்லிப் பார்த்தார், தொண்டை கட்டும்வரை சொல்லிப் பார்த்தார். மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டருக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டு, காட்டுக்கு ஏறாமல் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தோம். மெஷின் வந்து ரோட்டில் நின்றது. ரோட்டிலிருந்து பதினேழாம் நம்பர் காட்டுக்குப் போகிற ஒரே வழி எடைக் கொட்டகையைத் தாண்டித்தான் போகும், வழி முழுவதும் நீட்டின கால்கள் இருந்தன. யாரும் கோஷம் போடவில்லை. பேசக்கூட எங்களுக்கு அசதியாக இருந்தது.

இரண்டு மணி வாக்கில் வனத்துறை ஜீப் வந்தது. அதிலிருந்து நிலோஃபர் குதித்து இறங்கினாள், கையில் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு மரத்தைக்கூடத் தொடக் கூடாது என்று கத்திக்கொண்டே வந்தாள். காகிதம் துரையின் கைக்குப் போனது. அவர் இரண்டு தடவை படித்தார். தாமோதரனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார், மெஷின் திரும்பிப் போனது. பழையபடி முப்பதே இருக்கட்டும், எல்லாரும் எழுந்து வேலைக்குப் போங்கள் என்று தாமோதரன் இறங்கிய குரலில் வந்து சொன்னார். எல்லாரும் வேலுத்தாயைப் பார்த்தோம்.

அவள் முட்டியைத் தடவிப் பார்த்தாள், கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், களைப்பு இன்னும் ஆறவில்லை என்று தலையை ஆட்டினாள். நாங்கள் எழுந்திருக்கவில்லை.